குப்பையைப் பிரிக்க வைக்க எது வேலைக்காகும்: நோட்டீஸா, வாட்ஸ்அப்பா, கூட்டமா, வாசற்படியா?

தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தாயிற்று. சனி, ஞாயிறில் ஆளுக்கு இரண்டிரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். வசூலித்த பணம் மூவாயிரமோ நாலாயிரமோ இருக்கிறது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வண்டியில் கொடுக்கும் தெருவாக நம் தெருவை மாற்ற வேண்டும். முதல் சந்திப்பிலேயே வாக்குவாதம் வந்துவிடும். வாட்ஸ்அப் குழு ஒன்று போதும் என்பார் ஒருவர். நோட்டீஸ் அடிக்கலாம் என்பார் இன்னொருவர். கவுன்சிலரைக் கூப்பிட்டுக் கூட்டம் போடலாம் என்று மூன்றாமவர் சொல்ல, "வீடு வீடாப் போகாம ஒண்ணும் நடக்காதுங்க" என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா சொல்வார்.

அந்த அம்மா சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியைக் கவனிக்காமல் இறங்கினால் எட்டுப் பேரும் மூன்றாவது வாரத்தில் களைத்துப்போவார்கள்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 200 வீடுகள், ஒரு பேட்டரி வண்டி, 8 தொண்டர்கள் என்ற அளவுக்குப் போட்டது. உங்கள் தெருவுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

எதை வைத்து எடை போடுவது

"எத்தனை பேருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது" என்பதைத்தான் எல்லோரும் முதலில் எண்ணுவார்கள். அதை விட்டுவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டில் பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி தெரியும். சேதி தெரியாததால் யாரும் பிரிக்காமல் இல்லை. அடுப்படியில் இரண்டாவது கூடைக்கு இடமில்லை, நாற்றம் வருகிறது, குப்பையை எடுத்துப் போடுபவர் வேறு ஆள், வண்டியில் எப்படியும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

- அந்த வீட்டின் முடிச்சு எது என்று தெரியவருமா?
- குப்பையை உண்மையில் கையாளும் ஆளிடம் போய்ச் சேருமா?
- தொண்டர் நேரம் மொத்தம் எவ்வளவு? பணம் எவ்வளவு?
- யார் விட்டுப்போவார்கள்?
- மூன்று மாதம் கழித்தும் நிற்குமா?

எதற்கும் முன்னால் வண்டி

நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வண்டி சரியில்லை என்றால் வீண். பிரித்துக் கொடுத்த வீட்டின் கண்ணெதிரே இரண்டையும் ஒரே தொட்டியில் கவிழ்த்தால், அந்த வீட்டை மறுபடி திருப்பவே முடியாது. அதனால் இரண்டு நாள் காலையில் வண்டியோடு நடந்து பாருங்கள். வண்டியில் தனித்தனித் தொட்டிகள் இருக்கின்றனவா, தெருமுனையில் பெரிய வண்டிக்கு மாற்றும்போது கலக்கிறதா, ஈரக்குப்பை உர மையத்துக்குப் போகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கலந்தால் சூப்பர்வைசரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் பேசித் தீர்த்த பிறகே தெருவில் இறங்குங்கள். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

அதே இரண்டு காலைகளில் 200 வீட்டில் எத்தனை வீடு பிரித்துத் தருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குப்பையும் சேர்ந்து வருவதால் எண்ணிக்கை ஏமாற்றும்.

நோட்டீஸ்

ஏ5 அளவில், ஒரு பக்கம், ஒற்றை வண்ணம் என்றால் தாளுக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான். விநியோகிக்க இரண்டு பேருக்கு ஒரு மாலை போதும். மலிவு என்பது மட்டுமே இதன் பலம்.

கேட்டில் செருகிய தாள் பால் பாக்கெட்டோடு சேர்ந்து குப்பைக்கே போகும். அதைவிடப் பெரிய சிக்கல், நோட்டீஸ் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று தொடங்கி, வாசகர் தேடும் ஒரே விஷயத்தை விட்டுவிடுவதுதான். தேங்காய்ச் சிரட்டை எதில்? டயப்பர் எதில்? பேப்பர் கப் எதில்? டீத்தூள்? பழைய செல் பேட்டரி? சந்தேகம் வரும் 15 பொருட்களை மட்டும் எடுத்து, எது எந்தக் கூடைக்கு என்று பெரிய எழுத்தில் போடுங்கள். சிரட்டையை உர மையத்தில் தனியாக வாங்குகிறார்களா என்று அங்கேயே கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறுகிறது.

அந்தத் தாளைத் தனியாக விநியோகிக்காமல், வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்தபின் கையில் கொடுத்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்படும். நோட்டீஸுக்கு அதுதான் உரிய இடம்.

வாட்ஸ்அப் குழு

செலவில்லாதது என்று எல்லோரும் நினைப்பது இதைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்மின் ஒருவர் கேள்விக்குப் பதில் சொல்லவும், 'இனிய காலை வணக்கம்' படங்களை நீக்கவும், கட்சிச் சண்டையை அடக்கவும் நாளுக்கு 20 நிமிடம் செலவிட்டால் 90 நாளில் 30 மணி நேரம். இந்த 30 மணி நேரமும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது. அட்மின் சலித்து ஒதுங்கும் நாளில் குழுவும் முடிந்தது.

யார் விட்டுப்போகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். வீட்டுக்கு ஒரு எண் என்றால், பல வீடுகளில் அது வீட்டுத் தலைவரின் எண். குப்பையைக் கையாள்வது அவர் மனைவி, மாமியார், இல்லை வேலைக்கு வரும் அம்மா. குழுவில் 👍 போடுபவர் அடுப்படிப் பக்கமே போவதில்லை. மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்களை யாரும் குழுவில் சேர்ப்பதில்லை. உணவு டெலிவரி டப்பா அதிகம் வருவது அங்கிருந்துதான்.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். பிரிக்காத வீட்டின் குப்பைப் பையைப் படம் எடுத்துக் குழுவில் போடுவது. அன்றைக்கு நாலு பேர் பாராட்டுவார்கள். அந்த வீடும், அவர்களுடைய உறவினர் வீடுகளும், அவர்களோடு பேச்சுவார்த்தை உள்ள வீடுகளும் அதன்பின் உங்களுக்குக் கதவு திறக்காது.

குழு எதற்கு நல்லது? நாளைக்கு வண்டி ஏழு மணிக்குப் பதில் ஒன்பதுக்கு வரும், பொங்கலுக்கு இரண்டு நாள் வராது, ஞாயிறு பழைய மெத்தை எடுக்கிறார்கள் என்று சொல்ல இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஏற்கெனவே பிரிக்கத் தொடங்கியவர்கள் விடாமல் தொடரவும் உதவும். பழக்கத்தைத் தொடங்கி வைக்க மட்டும் இதை நம்பாதீர்கள்.

தெருக்கூட்டம்

ஷாமியானா, நாற்காலி, மைக், டீ என்று சில ஆயிரம் ஆகும். கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ கிடைத்தால் பாதிக்கும் கீழே. வெளியில் மைக் வைத்தால் காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம் வேண்டும். ஆறு பேர் ஆளுக்கு நான்கு மணி நேரம் ஓடியாடி, அன்றைக்கு மூன்று மணி நேரம் நின்றால் 42 மணி நேரம்.

வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், ஏற்கெனவே அக்கறையுள்ளவர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான். பிரிக்காத வீடு கூட்டத்துக்கு வராது. வந்தவர்களிலும் இரண்டு பேர் மைக்கைப் பிடித்துச் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று கொண்டுபோய்விடுவார்கள். அதுவும் நியாயமான குறைதான். ஆனால் நேரம் போய்விடும்.

கூட்டத்துக்கென்று ஒரே ஒரு வேலை உண்டு. அதை மற்ற மூன்றும் செய்ய முடியாது. நாற்பது பேர் முன்னிலையில் சுகாதார ஆய்வாளர் எழுந்து, "ஒண்ணாந்தேதியிலிருந்து உங்க வண்டியில கலக்க மாட்டாங்க" என்று சொல்ல வைப்பது. வண்டிதான் உங்கள் தெருவின் பிரச்சினை என்றால், வீடு வீடாகப் போவதற்கு முன் கூட்டம் போடுங்கள். இல்லையென்றால் தேவையில்லை. 60 வீடுள்ள அபார்ட்மெண்ட்டில் கூட்டத்துக்கு மதிப்பு அதிகம். பராமரிப்புக் கட்டணம், தொட்டி வைக்கும் இடம் எல்லாம் அங்கேதான் முடிவாகும். ஆனால் அங்கேயும் ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களிடம் முதலில் பேசாமல் உரிமையாளர்களிடம் மட்டும் பேசினால், மாடியில் பிரித்தது லிஃப்ட்டில் கீழே வருவதற்குள் ஒன்றாகிவிடும்.

வீடு வீடாகப் போவது

நேரில் பேசுவதற்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு நன்றாக அளக்கப்பட்ட சான்று குப்பையிலிருந்து வரவில்லை, தேர்தலிலிருந்து வருகிறது. 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் சுமார் 30,000 வாக்காளர்களைப் பிரித்து, வாக்களிக்க வரச்சொல்லிச் சிலரிடம் நேரிலும் சிலரிடம் போனிலும் சிலருக்கு அஞ்சலிலும் கேட்டார்கள். நேரில் பேசப்பட்டவர்களிடம் வாக்குப்பதிவு சுமார் 9 சதவீதப் புள்ளி ஏறியது. அஞ்சலுக்கு மிகச் சிறிய பலன். கூலிக்கு அமர்த்திய போன் அழைப்புகளுக்குப் பலனே தென்படவில்லை. அதே ஆய்வில் பெரும்பாலான வீடுகளில் ஆளையே பிடிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாசற்படியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

நேரக் கணக்கு இப்படி வரும். இருவர் ஒரு ஜோடி. திறந்த வீட்டுக்கு நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 10 நிமிடம். பூட்டிய வீட்டுக்கு 2 நிமிடம். முதல் சுற்றில் 130 வீடு திறந்தால் 24 ஜோடி மணி நேரம். பூட்டியிருந்த 70-க்கு மறுபடி போய்ப் பாதி கிடைத்தால் இன்னும் 7. பேசிய 165 வீடுகளுக்கும் பத்து நாள் கழித்து 4 நிமிடம் எட்டிப் பார்க்க 11. ஆக 42 ஜோடி மணி நேரம், அதாவது 84 ஆள் மணி நேரம். எட்டுப் பேர் வாரம் நான்கு மணி நேரம் கொடுத்தால் சுமார் மூன்று வார வேலை.

இதில் பெரும்பாலான குழுக்கள் வெட்டுவது கடைசிப் 11 ஜோடி மணி நேரத்தை. வெட்டக்கூடாததும் அதுதான். முதல் தடவை போகும்போது யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். "சரிங்க, கண்டிப்பா செய்றோம்" என்று தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் "சரிங்க" மரியாதைக்குச் சொன்னது. முதல் நான்கு நாளில் ஈரக்கூடை நாறும், புழு வரும், மருமகள் ஒரு பக்கம் மாமியார் ஒரு பக்கம் போடுவார்கள், விட்டுவிடுவார்கள். பத்தாம் நாள் அதே முகம் வாசலில் வந்து "எப்படிப் போகுதுங்க?" என்று கேட்கும்போதுதான் உண்மையான தடை வெளியே வரும். நேரம் குறைவென்றால் 200 வீட்டுக்கு ஒரு முறை போவதைவிட 100 வீட்டுக்கு இரண்டு முறை போங்கள்.

வாசலில் பேச்சு எப்படிப் போக வேண்டும்? எடுத்ததுமே குப்பையால் வரும் தீங்கைப் பற்றிப் பேசாதீர்கள்.

"அக்கா, உங்க வீட்ல குப்பையை யாரு வெளிய எடுத்து வைக்கிறது?"

"நான்தான். சில நாள் வேலைக்கு வர்ற அம்மா."

"பிரிச்சுப் போட்டுப் பாத்தீங்களா எப்பயாச்சும்?"

"போட்டோம். ரெண்டே நாள்ல ஒரே நாத்தம். விட்டுட்டேன்."

"ஈரக்குப்பையை எதுல போட்டீங்க?"

"கவர்லதான். கட்டி வெச்சிருவேன்."

முடிச்சு கிடைத்துவிட்டது. கவரில் காற்றுப் புகாமல் கட்டிய சோறும் காய்த்தோலும் நாறத்தான் செய்யும். வண்டிக்காரரும் கவரைக் கிழித்துக் கொட்ட மாட்டார். அப்படியே மக்காத பக்கம் போகும். பழைய 10 லிட்டர் பெயிண்ட் வாளி போதும் என்று சொல்லுங்கள். அடியில் இரண்டு மடிப்பு செய்தித்தாள், டீத்தூளையும் குழம்பு மீதியையும் வடிகட்டியில் வடித்த பிறகு போடுவது, மீன் செதிலையும் இறால் ஓட்டையும் தாளில் சுற்றி வண்டி வரும் வரை ஃப்ரீசரில் வைப்பது, தினமும் காலி செய்து கழுவுவது. பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் துண்டாக்காமல் ஒட்டியே விட்டு, ஒரு முறை அலசிக் காயவைத்தால் உலர்க்கூடை எறும்பு பிடிக்காது. நாப்கினையும் டயப்பரையும் தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் குறியிட்டுத் தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். பிரிக்கும் இடத்தில் வெறுங்கையால் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரே வீட்டில் ஒப்பிக்காதீர்கள். அந்த வீட்டுக்குத் தேவையானது இரண்டுதான் இருக்கும். கிளம்பும் முன் கையெழுத்து, உறுதிமொழி எதுவும் வாங்க வேண்டாம். "வாளியை எங்க வைப்பீங்கக்கா?" என்று கேளுங்கள். இடத்தைக் கையால் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. ஜோடியில் ஒரு பெண் கட்டாயம், அதிலும் ஒருவர் அதே தெருக்காரராக இருந்தால் கதவு முழுதாகத் திறக்கும். கேட்டுக்கு வெளியே நின்றே பேசுங்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்றுவரை கறிக்குழம்பு நேரம், மாலை ஏழுக்கு மேல் சீரியல் நேரம், இரண்டும் வேண்டாம். சனி, ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறரை பொருத்தம். ஞாயிறு நாலரை முதல் ஆறு ராகுகாலம் என்று யாராவது சொன்னால், தொடங்கும் முதல் நாளைச் சனிக்கிழமையாக வைத்துக்கொண்டு போங்கள். இதற்கெல்லாம் வாதாட நேரமில்லை. இலவசமாகத் தொட்டி கொடுக்க யாராவது முன்வந்தால் யோசியுங்கள். புதுத் தொட்டி அழகாக இருந்தால் அதில் அரிசி இருக்கும், இல்லை தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள்.

நோட்டில் ஐந்தே கட்டம்: கதவு எண், தேதி, யார் குப்பை போடுகிறார், என்ன தடை, மறுபடி எப்போது. பெயரும் போன் நம்பரும் வேண்டாம். நோட்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

வண்டியோடு நிற்பது

யாரும் பட்டியலில் சேர்க்காத ஐந்தாவது வழி. காலை ஆறரை முதல் எட்டரை வரை, பத்து நாள், இருவர் வண்டியோடு நடப்பது. மொத்தம் 40 ஆள் மணி நேரம். வீட்டுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும், ஆனால் குப்பைக் கூடையைப் பிடித்திருக்கும் கையே எதிரில் நிற்கிறது. வேலைக்கு வரும் அம்மாவையும், இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் மாடிப் பையன்களையும் இங்கேதான் பிடிக்க முடியும். கூடையில் கலந்திருப்பதில் ஒன்றை மட்டும் காட்டி, "இது இந்தப் பக்கம்" என்று சொன்னால் போதும்.

இதன் மறைமுகச் செலவு தூய்மைப் பணியாளரின் நேரம். நீங்கள் பேசப் பேச அவருக்கு வழித்தடம் தாமதமாகும், மேலிருந்து திட்டு விழும். முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் சொல்லிவையுங்கள். அவரையே பிரச்சாரம் செய்யச் சொல்லாதீர்கள். பிரிக்காத வீட்டோடு சண்டை வந்தால் நீங்கள் வீட்டுக்குப் போய்விடலாம், அவர் நாளைக்கும் அதே வாசலுக்கு வர வேண்டும். முதல் நாள் அவர் பெயரைக் கேட்டு, வீட்டாரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவையுங்கள். "ஏ குப்பை" என்று கூப்பிடும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரே பார்வையில்

| வழி | ஆள் மணி நேரம் | பணம் | யார் விட்டுப்போவார்கள் | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| நோட்டீஸ் | 4 | சில நூறு ரூபாய் | படிக்காமல் எறிபவர்கள் | வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்க |
| வாட்ஸ்அப் | 30 (ஒரே ஆளுக்கு) | இல்லை | குப்பையைக் கையாளும் பெண்கள், வாடகைக்காரர்கள் | நேர மாற்றம், நினைவூட்டல் |
| கூட்டம் | 42 | சில ஆயிரம் | பிரிக்காத வீடுகள் | வண்டி கலக்கும்போது, அபார்ட்மெண்ட்டில் |
| வீடு வீடாக | 84 | நோட்டு, பேனா | பகலெல்லாம் பூட்டிய வீடுகள் | தனி வீடுகள், லைன் வீடுகள் |
| வண்டியோடு | 40 | இல்லை | வண்டி வருமுன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் | ஆள் குறைவாக இருக்கும்போது |

கையில் இருக்கும் நேரத்துக்கு எது

40 மணி நேரத்துக்குமேல் இல்லையென்றால் வண்டியோடு நில்லுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். 80, 90 மணி நேரம் தேறும் என்றால் வீடு வீடாகப் போய், மறுபடியும் போங்கள். நோட்டீஸ் கையில் இருக்கட்டும். 125 என்றால் இரண்டையும் சேர்க்கலாம்: முதல் சுற்று முடிந்த திங்கட்கிழமை தொடங்கி வண்டியோடு பத்து நாள். வாசலில் பேசியதும் வாளி வண்டிக்கு வருவதும் அடுத்தடுத்து நடந்தால் தடுமாறும் வீடுகளை அன்றன்றே பிடித்துவிடலாம். வாட்ஸ்அப் குழுவை ஒரு மாதம் கழித்து, பிரிக்கத் தொடங்கிய வீடுகளை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். அப்போது வீட்டுக்கு இரண்டு எண் கேளுங்கள், ஒன்று அடுப்படியில் இருப்பவருடையது.

தொண்டர்கள் எல்லோரும் கூச்ச சுபாவம் என்றால் வலுக்கட்டாயமாக வாசலுக்கு அனுப்ப வேண்டாம். எட்டில் நாலு பேர் நன்றாகப் பேசினால் போதும். மற்றவர்கள் எண்ணவும், நோட்டு எழுதவும், ஆய்வாளரிடம் மனு கொடுக்கவும் வேண்டும்.

மூன்றாம் மாத முடிவில் இரண்டு காலை மறுபடி வண்டியோடு நடந்து எண்ணுங்கள். முதலில் எண்ணிய அதே கிழமைகளில். எண்ணிக்கை ஏறாத பகுதி தெரிந்தால் நோட்டில் அந்தக் கதவு எண்களைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே 'தேதி' கட்டத்தில் ஒரே ஒரு தேதி இருக்கும், 'மறுபடி எப்போது' கட்டம் காலியாக இருக்கும்.